ஆடாத பாலம்

1

ஊரில் பெருங்காற்று அடித்து, தோட்டத்துக் கடையின் கூரைத் தகரம் பறந்துபோய்ப் பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்ததே, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு கோழி மட்டும் அடியில் மாட்டிக்கொண்டது என்று போனில் சொன்னார்களே, அந்த வாரம்தான் இங்கே இந்தப் புதுப் பாலத்தைத் திறந்தார்கள். வருஷம், மாசம் எல்லாம் என் தலையில் நிற்காது. ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துக் கட்டி வைத்தால்தான் நிற்கும். தகரம் பறந்தது, பாலம் திறந்தது. இரண்டும் ஒரே வாரம்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். இலங்கையில் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய கை இது. கத்திதான் பிடித்திருக்கிறது, பேனா பிடித்ததில்லை. நான் சொல்லச் சொல்ல மகள் செல்வி போனில் தட்டுகிறாள். "நீங்க பேசுற மாதிரியே போட்டா பத்திரிகைல எடுக்க மாட்டாங்கப்பா" என்று என் பேச்சைக் கழுவித் துடைத்துப் போடுகிறாள். ஆட்கள் பேசினதை மட்டும் பேசினபடியே போடச் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் இருப்பது கடலோரத்தில் ஒரு சின்ன இங்கிலீஷ் ஊர். ஊருக்கு நடுவே ஒரு ஆறு, கலங்கின தேத்தண்ணி நிறம். அதன் மேல்தான் அந்தப் பாலம். வெள்ளை இரும்பு. நடுவில் காரும் லொறியும் போகும். ஓரத்தில் நடக்கிறவர்களுக்குத் தனி வழி, சைக்கிளுக்குத் தனிக் கோடு. ஹாலிஎலக் கடைத்தெருவையே தூக்கி அதன் மேல் வைக்கலாம், அவ்வளவு அகலம். கப்பலோ படகோ வந்தால் நடுப்பாகம் எழுந்து நின்று வழிவிடும், துரை வந்தால் நாங்கள் எழுந்து நின்ற மாதிரி.

எனக்கு அந்தப் பாலத்தின் மேல் பொறாமை. இரும்பின் மேல் ஒரு மனுஷன் பொறாமைப்படுவானா என்று கேட்பீர்கள். பங்குனித் திருவிழாவுக்கு நானும் என் மனைவி காமாட்சியும் ஊர் வந்து, அப்படியே அங்கேயே இருந்துவிடுவதாக நினைத்திருந்தோம். நினைத்திருந்தேன். இப்போது அவள் வரமாட்டேன் என்கிறாள். அதற்குக் காரணம் இந்தப் பாலம்.

2

பாலம் வருவதற்கு முன்னால் அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் பஸ் எடுத்து, மேலே இருக்கிற பழைய பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சந்தை அக்கரையில். காமாட்சியின் பல் டாக்டர் அக்கரையில். செல்வி வேலை செய்கிற முதியோர் விடுதியும் அக்கரையில். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் காமாட்சியைக் கூட்டிக்கொண்டு போகிறவன் நான்தான்.

எழுத்துத் தெரியாதவன் எப்படி பஸ் பிடித்தான் என்றால், அது கல்யாணத்துக்கு முன்னால் மொனராகலையில் கரும்பு வெட்டப் போன காலத்துப் பழக்கம். அங்கே எனக்கு ஒருவர் சொல்லிக்கொடுத்தார், போர்டைப் பார்க்காதே, பஸ்ஸின் முகத்தைப் பார் என்று. அவரைப் பற்றியே ஒரு கதை இருக்கிறது, மூன்று பெண்களையும் மூன்று கண்டக்டர்களுக்குக் கட்டிக் கொடுத்தவர். செல்வி முறைக்கிறாள். அது கிடக்கட்டும். இங்கேயும் முகத்தைத்தான் பார்த்தேன். பச்சைப் பட்டை போட்டது சந்தைக்கு, மஞ்சள் பட்டை போட்டது ஆஸ்பத்திரிக்கு. நான் முன்னால் ஏறுவேன், காமாட்சி பின்னால் ஏறுவாள். ஜன்னலோரம் உட்கார வைப்பேன். "எந்திரி" என்பேன், எழுந்திருப்பாள்.

பாலம் திறந்து கொஞ்ச நாளில், ஒரு காலை நான் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு புள்ள."

"பஸ்ஸு எதுக்குங்க? பாலத்துல நடந்தா ஒரு எட்டு. நீங்க அந்த முட்டிய வச்சிக்கிட்டு சும்மா ஒக்காருங்க. நான் போயிட்டு வந்துர்றேன்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஜன்னலில் நின்று பார்த்தேன். அவள் நடந்து போகிற முதுகை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். எங்கே போனாலும் நான் முன்னால், அவள் பின்னால் என்றே போய்ப் பழகியவர்கள். அவள் இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து நடப்பாள் என்பதே எனக்குத் தெரியாது.

3

எங்கள் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கிற லயங்கள் ஓயா ஆற்றுக்கு இந்தப் பக்கம், தேயிலை மலை அந்தப் பக்கம். நடுவே கம்பிப் பாலம். இரண்டு கம்பி, அதில் கோத்த பலகை, பலகைக்குப் பலகை சந்து, சந்துக்குக் கீழே தண்ணீர். மழைக்காலத்தில் தண்ணீர் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது கேட்காது. ஆள் ஏறினால் பாலம் ஆடும். இரண்டு பேர் ஏறினால் இன்னும் ஆடும்.

லயத்தில் புருஷனும் பெண்டாட்டியும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் தொலைந்தது. விடியக்காலை பேர் கொடுக்க நிற்கிற பெரட்டுக் களத்தில் அன்றைக்கு அதுதான் பேச்சு. ஆனால் கம்பிப் பாலத்தில் பிடிக்கலாம். ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதற்கும் ஒரு முறை இருந்தது. கை, பெண்டாட்டிக்கும் கூடப் பிறந்தவளுக்கும். மற்றப் பெண்களுக்குத் துண்டின் நுனி. அண்ணியோ கொழுந்தியாளோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ, தோளில் கிடக்கிற துண்டை எடுத்துப் பின்னால் நீட்டுவோம், மறு நுனியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

புதிதாகக் கல்யாணமானவர்கள் வேலை முடிந்து இக்கரைக்கு வந்த பிறகு, கத்தியை மறந்துவிட்டேன் என்று ஜோடியாகத் திரும்பிப் போவார்கள். கங்காணி கத்துவார்: "டேய், கத்தி ஒன் இடுப்புலதானடா இருக்கு. அவள மறந்துட்டு வந்தியான்னு பாரு." அவர்கள் காது கேளாத மாதிரி போய்க்கொண்டே இருப்பார்கள்.

காமாட்சி வாழ்க்கைப்பட்டு வந்தது பூனாகலையிலிருந்து. அவள் பிறந்த இடத்தில் இப்படி ஆறு தாண்டி வேலைக்குப் போனதில்லை. பலகையில் கால் வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். எனக்கு வேறு மலையில் கவ்வாத்து என்றாலும் முதலில் அவளை அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் திரும்புவேன். "பொண்டாட்டிய வழியனுப்பி வச்சிட்டு வர்றாரு தொர" என்று கங்காணி ஏசுவார். ஏசிவிட்டுப் போகட்டும்.

நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். கையைப் பின்னால் நீட்டுவேன். அவள் பிடிக்கிற பிடியிலேயே பயமா, கோபமா, முதல் நாள் சண்டை முடிந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவேன். வயிற்றில் செல்வி உண்டான சங்கதியை அவள் எனக்குச் சொன்னது அந்தப் பாலத்தின் நடுவில். வீட்டில் ஒரே அறை, அதில் என் தம்பிகள் இரண்டு பேர். ரகசியம் பேச எங்களுக்கு இருந்த இடம் அது ஒன்றுதான். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காமல் நான் "என்னா?" என்று திரும்பக் கேட்க, அவள் பலமாகச் சொல்ல, எதிரே வந்துகொண்டிருந்த வாச்சருக்கு என்னை விட முன்னால் விளங்கிவிட்டது.

இங்கே பாலம் ஆடுவதில்லை. பெரிய லொறி போனால் ஒரு முனகல், அவ்வளவுதான். ஆடாத பாலத்தில் யார் கையை யார் தேடப்போகிறார்கள்?

4

அக்கரையில் பாலம் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், ஜனங்கள் மரக்கறி போடுவதற்கென்று கவுன்சில்காரர்கள் சின்னச் சின்னதாக நிலம் பிரித்து விட்டிருக்கிறார்கள். போகிற வழியில் காமாட்சி வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாள். எனக்கும் ஒன்று வேண்டுமென்று செல்வியிடம் கேட்டிருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. ஒரு நிலத்துக்கு ஒரு பேர்தானாம். செல்வி அம்மா பேரைக் கொடுத்துவிட்டாள். என் பேரையும் சேர்க்க முடியுமா என்று விசாரிக்கச் சொன்னேன். அதற்குத் தனியாக ஒரு மனு, மனுவைப் பார்க்க ஒரு கமிட்டி, கமிட்டி கூடுவதற்கு ஒரு நாள் இருக்கிறதாம். அது இன்னும் என் பேர் வரைக்கும் வந்து சேரவில்லை.

நிலம் கிடைத்ததிலிருந்து காமாட்சி அங்கே பழகிக்கொண்டு வந்து, வீட்டில் இங்கிலீஷ் பெருகிப் போய்விட்டது. பேத்தி அனு என்னோடு பேசுகிற தமிழ் "தாத்தா, சாப்டீங்களா" என்கிற ஒன்றுதான். சாப்பிட்டேன் என்று சொன்னால் பேச்சு முடிந்தது. அதனால் சில நாள் இல்லை என்று சொல்லிப் பார்ப்பேன். அவள் பாட்டியோடு இப்போது மண், புழு, மழை, வாளி எல்லாம் இங்கிலீஷில் பேசுகிறாள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். ஒரு நாள் தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் நானும் சிரித்து வைத்தேன். அனு அப்போது பக்கத்து வீட்டுப் பூனை செத்துப்போனதைச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

காமாட்சிக்குப் பக்கத்து நிலம் கென் என்கிற வெள்ளைக்காரருடையது. என் வயசு இருக்கும். பெண்சாதி இல்லை, தவறிவிட்டார். ரயிலில் வேலை பார்த்தவராம். அவர் வந்த பிறகு சோற்றோடு கென், குழம்போடு கென். கென் உரம் கொடுத்தார், கென் குச்சி நட்டார், கென் நத்தைக்கு மருந்து சொன்னார். நான் முப்பது வருஷம் மலையில் கிடந்தவன். நத்தைக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

போன பனிக்காலத்தில் ஒரு காலை, பாலத்து நடைவழியில் தண்ணீர் உறைந்து கிடந்திருக்கிறது. காமாட்சி வழுக்கியிருக்கிறாள். கென் அவள் கையைப் பிடித்து இக்கரை வரைக்கும் கொண்டுவந்து விட்டாராம். வந்து சாதாரணமாகச் சொல்கிறாள்.

"கையவா புடிச்சாரு?"

"பின்ன காலையா புடிப்பாரு? வழுக்குதுங்க."

"அந்த ஆளுகிட்ட துண்டு இல்லியா?"

அடுப்புப் பக்கம் நின்றவள் மெதுவாகத் திரும்பினாள். "பேத்தி எடுத்த பொறவு எனக்குக் காவலு போடுறீங்களா?"

"காவலு இல்ல. மொறைன்னு ஒண்ணு இருக்கில்ல."

"மொற தோட்டத்துல இருக்கு. போயி பெரட்டுக் களத்துல சொல்லுங்க."

செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்கு அது ஆறவில்லை. மறுநாள் என் பெட்டியைத் திறந்து, பதுளை டவுனில் வாங்கி மடிப்புக் கலையாமல் வைத்திருந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன். "இத அந்த மனுசன்கிட்ட குடு. இனிமே வழுக்குனா ஒரு நுனிய நீட்டச் சொல்லு." கொண்டுபோக மாட்டாள், சண்டைக்கு வருவாள், வரட்டும் என்றுதான் கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் ஒரு பெரிய பூசணிக்காயோடு வந்தாள்.

"கென் குடுத்தாரு. துண்டுக்குப் பதிலு மரியாதையாம். கழுத்துல சுத்திக்கிட்டாரு, குளுருக்கு நல்லாருக்குன்னாரு. ஒங்கள ரொம்ப நல்ல மனுசன்னு சொன்னாரு."

நான் அந்தப் பூசணிக்காயைத் தொடவில்லை. மற்ற எல்லாரும் சாப்பிட்டார்கள். மணம் நன்றாகத்தான் இருந்தது.

5

ஊருக்கு டிக்கெட் எடுக்கவா என்று செல்வி கேட்டது போன வாரம். என் தம்பி மகன் தோட்டத்தில் எங்களுக்கென்று ஒரு அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறான். காமாட்சியின் அண்ணன் சின்னையா பூனாகலையில் இருக்கிறார். தங்கச்சி எப்போது வருகிறாள் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்கிறாராம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, காமாட்சி பூண்டு உரித்தபடியே சொன்னாள்: "அப்பாவுக்கு மட்டும் எடு."

"ஏன், ஒனக்கு என்னா?"

"பங்குனிலதான் இங்க மண்ணக் கொத்தணும். இப்ப விட்டா அடுத்த வருசந்தான்."

"தோட்டத்துல இல்லாத மண்ணா?"

"அது யாரு மண்ணுங்க?" தலை தூக்காமல்தான் கேட்டாள். "வயசுக்கு வந்த நாள்லருந்து அந்த மலையில கொழுந்து எடுத்தேன். ஒரு செடி என்னுதுன்னு சொல்ல முடியுமா? லயத்துக்குப் பின்னால போட்ட கீரைய, ரோட்டு போடணும்னு ஒரே நாள்ல புடுங்கி எறிஞ்சாங்க. சமைக்கிற பதமா இருந்துச்சு."

"சரி, திருவிழாவுக்கு வந்து இருந்துட்டு வா."

"நீங்க இருந்துட்டு வரச் சொல்லல. இருந்துறச் சொல்றீங்க."

"நான் இல்லாம நீ இருந்துருவியா?"

உரித்து முடித்தாள், தோலை ஒரு ஊது ஊதிவிட்டு எழுந்து போனாள். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் வேறு வேறு கூரையின் கீழ் படுத்தது, அவள் பிள்ளைப்பேற்றுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மட்டும்தான். இங்கே வருகிறதற்கு விசா கேட்டபோதுகூட, அவளுக்கு முதலில் கிடைத்தும் எனக்குக் கிடைக்கும் வரைக்கும் காத்திருந்து சேர்ந்துதான் விமானம் ஏறினாள். கடலைச் சேர்ந்து தாண்டினவளை ஒரு ஆறு பிரிக்கிறது. பொறாமை வராதா?

6

நேற்று பாலத்துக்கு முதல் பிறந்தநாள். இங்கே நாய்க்கும் கொண்டாடுவார்கள், பாலத்துக்கும் கொண்டாடுகிறார்கள். கம்பி முழுக்கக் கலர் துணி கட்டி, பிள்ளைகள் முகத்தில் புலி மாதிரி சாயம் பூசிக்கொண்டு ஓடினார்கள். காமாட்சி காலையிலேயே அக்கரைக்குப் போய்விட்டாள். இன்றைக்கு ஒரு முடிவு கேட்டுவிடுவது என்று கம்பை எடுத்துக்கொண்டு நான் இறங்கினேன். இந்த ஒரு வருஷமாக நான் அந்தப் பாலத்தில் கால் வைத்ததில்லை. வீம்புதான்.

நடுப்பாகத்துக்குப் போக இன்னும் கொஞ்சம் இருக்கும்போது மணி அடித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. குறுக்கே ஒரு கட்டை இறங்கியது. தார் ரோடும் வெள்ளைக் கோடும் விளக்குக் கம்பமுமாக நடுப்பாகம் அப்படியே வானத்தைப் பார்த்து எழுந்தது. ஓரக் கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். அக்கரைக் கட்டைக்குப் பின்னால் காமாட்சி நின்றாள். பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு மனுஷன், கழுத்தில் என் துண்டு.

கீழே ஒரே ஒரு பாய்மரப் படகு, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அதில் ஒருவர் உட்கார்ந்து ரொட்டி தின்கிறார். அவருக்காகத்தான் இத்தனை ஜனமும் நிற்கிறது. காமாட்சி என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, அங்கயே நில்லுங்க. முட்டி வலிக்கும்."

"வர்றியா, இல்லியா?" என்று கத்தினேன்.

"பாலம் எறங்கட்டும்."

"ஊருக்கு."

"என்னா?"

"ஊருக்கு வர்றியான்னு கேட்டேன்."

அவள் சிரித்தாள். தண்ணீருக்கு மேலே நன்றாகக் கேட்டது. "இதக் கேக்கவா கம்ப ஊனிக்கிட்டு வந்தீங்க?" இரண்டு கரையிலும் ஜனங்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாருக்கும் ஒரு சொல் விளங்கியிருக்காது. ஆனால் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. என் பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார அம்மா என் தோளைத் தட்டிவிட்டாள்.

பாலம் இறங்கியது. அவள் வருவாள் என்று நின்றேன். அவள் அங்கேயே நின்றாள். ஒரு தடவையாவது நான் அவளிடம் நடந்து போக வேண்டியிருந்தது. போனேன்.

என்னை அவளுடைய நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கென் குனிந்து ஏதோ சொன்னார். நான் தலையை ஆட்டினேன். எங்கள் ஆட்டலை அவர் இல்லை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது, விரித்த நாற்காலியை மடிக்கப் போனார்.

"அண்ணே, நாற்காலிய அங்கயே போடுங்க. அந்த வாளிய இங்கிட்டு வையிங்க" என்றாள் காமாட்சி. சுத்தத் தமிழில். அவர் போட்டார், வைத்தார்.

"அண்ணேன்னா என்னான்னு தெரியுமா அவருக்கு?"

"தெரியும், சொல்லிக் குடுத்துருக்கேன். இப்ப இங்க எல்லாருமே அவர அண்ணேன்னுதான் கூப்புடுறாங்க. அவரு பேரு என்னான்னு பாதிப் பேருக்கு மறந்துபோச்சு."

சொல்லி வாய் மூடவில்லை, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தலை நரைத்த ஒரு வெள்ளைக்காரி "ஆனே" என்று கூப்பிட்டாள். கென் "என்னா" என்று தமிழிலேயே கேட்டுக்கொண்டு போனார்.

அவள் அண்ணன் என்றால் எனக்கு மச்சான். அண்ணன் கையைப் பிடித்ததில் முறைப்படி தப்பே இல்லை. நான் மச்சானுக்குத்தான் துண்டு அனுப்பியிருக்கிறேன். பொறாமை அதோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

ஏனென்றால் அங்கே காமாட்சி நின்ற நிலை. தலையில் கூடைக் கயிறு இல்லை, கங்காணி இல்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இது இங்கே, அது அங்கே என்று சொல்கிறாள், ஆட்கள் கேட்கிறார்கள். நிலத்தின் தலைமாட்டில் ஒரு குச்சியில் சின்னப் பலகை. எழுதியிருப்பது அவள் பேர் என்றாள். தடவிப் பார்த்தேன். நான் கவ்வாத்து வெட்டித் துளிர்த்த மலைகள் எத்தனையோ இருக்கின்றன. எதிலும் ஒரு குச்சி எனக்கு நட்டதில்லை. அந்த மண்ணின் மேல் எனக்கு வந்த பொறாமையை இந்த வயசில் யாரிடம் சொல்வது? உங்களிடம்தான் சொல்கிறேன்.

பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். கென் தள்ளிப் போய் நின்றுகொண்டார். நல்ல மனுஷன்தான், இருக்கட்டும்.

"முடிவா என்னா சொல்ற?" என்றேன்.

"நான் வரல. போயிட்டு வாங்க."

"நான் அங்கயே இருந்துட்டா?"

கையிலிருந்த மண்ணைத் தேய்த்துத் தேய்த்து உதிர்த்தாள். "நீங்க வரலன்னா எனக்குச் சோறு எறங்காது. அதுக்காக இத விட்டுட்டும் வரமாட்டேன். ரெண்டும் உண்மதாங்க. என்னா செய்யச் சொல்றீங்க?"

7

செல்வியிடம் ஒரு டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன். போகவும் வரவும்.

திருவிழா பார்ப்பேன், தம்பி மகன் வெள்ளையடித்த அறையில் கொஞ்ச நாள் படுப்பேன், அப்புறம் பூனாகலைக்குப் போவேன். அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு உதவி. மச்சான் சின்னையாவுக்குக் காது மந்தம், போனில் சொன்னால் தலையும் வாலும் விளங்காது. இதைப் படிக்கிறவர்கள் யாராவது பூனாகலைப் பக்கம் போனால், அவர் வீட்டில் ஏறி, காதுக்குப் பக்கத்தில் நின்று, நிறுத்திச் சொல்லுங்கள். தங்கச்சி வரவில்லை, நான் மட்டும் வருகிறேன். கோபிக்க வேண்டாம். அவர் கொல்லையில் கொடியேறிக் காய்க்கிற போஞ்சியில் நல்ல முற்றலாகப் பார்த்து விதை எடுத்துக் காயவைக்கச் சொல்லுங்கள். விமானத்தில் விதை கொண்டுவர நோயில்லை என்று ஒரு சான்றிதழ் வேண்டுமாம், அதை எங்கே வாங்குவது என்று செல்வி விசாரிக்கிறாள். அது எங்கள் பாடு.

எனக்கெதற்கு வேலை என்று மச்சான் முனகினால், தங்கச்சிக்கு இங்கே இன்னொரு அண்ணன் வந்துவிட்டான், அவன் கையால் போடுகிறதெல்லாம் நன்றாக வருகிறது, அவனிடம் இல்லாத விதை ஒன்று வேண்டும் என்று சொல்லுங்கள். அதை மட்டும் கொஞ்சம் பலமாகச் சொல்லுங்கள்.